ஆயிரம் வீட்டுக்குத் தாங்கும் ஏற்பாடு

என் வீட்டுக் குழாய் எட்டு மாதம் ஒழுகியது. குழாயைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக் கிராணியிடம் போய் ஸ்பேனர் கேட்டேன் பாருங்கள், அதற்குக் கிடைத்த தண்டனை அது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். ஆயர் குரோ பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், மலாக்கா டவுனுக்கு, காஜா பேராங்குக்கு வாழ வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர், விடியுமுன்னே கிளம்பிவிடுவார். எங்கள் வீடு தெருவில் இரண்டாவது. குழாயடியில் வாளியை வைத்துவிட்டு முதல் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"குழாய் ஒழுகுது அண்ணே. ஸ்பேனர் இருந்தாக் குடுங்க."

அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "உங்க வீட்டுல மட்டுமா, தெரு முழுக்கவா?"

"எனக்கென்ன தெரியும்?"

"அதானே பிரச்சினை. இன்னைக்கு உங்க குழாயைச் சரி பண்ணா, நாளைக்கு இன்னொரு வீடு வரும். ஆயிரம் வீட்டுக்குத் தாங்குற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணணும்லா."

எங்கள் தெருவில் இருந்ததே நாற்பது வீடுதான். நான் ஸ்பேனரும் இல்லாமல் திரும்பி வந்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நாற்பது வீட்டுக் குழாய்களும் ஒரே நேரத்தில் சரியாயின. ஒவ்வொரு வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக் குழாயை மாட்டவேண்டும், அதுதான் ஏற்பாடு. என் குழாயை மூன்றாம் வீட்டுக்காரர் மாட்டினார். அதற்கப்புறம் அது ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. எனக்கு அந்த எரிச்சல் வேறு.

அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை பார்ப்பவரை எங்கள் பக்கம் கிராணி என்போம். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும், அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வயது ஐம்பதுக்குள். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சிலுவார்க் கால்சட்டை, காதில் ஒரு பென்சில், பையில் ஒரு பென்சில். கல்யாணம் ஆகவில்லை. தரகர்கள் வராமலில்லை. பெண் வீட்டாருக்கு அவர் ஒரு கேள்வித்தாள் தயாரித்து வைத்திருந்தார், எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும்படி. ஒருவரும் அதை நிரப்பித் திருப்பி அனுப்பவில்லை. ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களுக்குப் பொங்கல் கடிதம் ஒரே ஒரு தடவைதான் எழுதினார். பெயர் வரும் இடத்திலும், விசாரிக்கவேண்டிய நோய் வரும் இடத்திலும் கோடு போட்டுவிட்டு, நூறு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்.

இந்தக் கோளாறு ஆபீசில் பிடித்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மழை அளக்கும் குப்பிகள் வைத்திருந்தார்கள். எத்தனை அங்குலம் பெய்தது என்று தோட்டத்துக் கிராணிகள் தினமும் அட்டையில் எழுதி அனுப்புவார்கள். எல்லாம் வந்து விழுவது இவர் மேசையில். மழையில்லாத நாளில்கூட 'மழை இல்லை' என்று எழுதி அனுப்பிவிடுவார்களாம். வெள்ளம் வரப்போகிறதைச் சொல்லும் ஒரு அட்டை, மழை இல்லாத அட்டைகளுக்கு அடியில் கிடக்கும். "எல்லாரும் எல்லாத்தையும் ஒரே ஆளுக்குச் சொன்னா, அந்த ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது" என்பார் கிராணி. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு துக்கம் இருக்கும்.

இனி அவர் தங்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனென்றால் எல்லாம் அவளால்தான், அல்லது அவளுக்காகத்தான்.

எங்கள் தெரு லாடம் மாதிரி வளைந்திருக்கும். லாடத்தின் நடுவில் பெரிய லோங்காங், மழைத் தண்ணீரும் சாக்கடையும் ஓடுகிற கால்வாய். நாற்பது வீடும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். முதல் வீடு லாடத்தின் ஒரு நுனி, நாற்பதாம் வீடு மறு நுனி. தெருவழியாக நடந்தால் கால் மணி நேரம். பின்பக்கமாகப் பார்த்தால் நடுவில் லோங்காங்தான், முப்பதடி. முதல் வீட்டில் அண்ணன், நாற்பதாம் வீட்டில் தங்கை. இருவரும் பேசிப் பதினோரு வருஷம்.

சண்டை அவள் கல்யாணப் பந்தியில் வந்தது. நான் அப்போது இல்லை, பந்தியில் உட்கார்ந்தவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் மலாக்காச் செட்டிகள். கும்பிடுவது நம் சாமி, வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். வந்தவர்கள் மொத்தம் எண்பது பேர். கிராணி ஆயிரம் பேருக்குத் தாங்கும்படி பந்தி ஏற்பாடு செய்திருந்தார். இலையில் ஏதாவது தீர்ந்தால் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லவேண்டும். அவர் அவருக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். வரிசையின் கடைசி ஆள் சமையல்கட்டுக்குச் சொல்வார். ஒரு வரிசையிலிருந்து சத்தமே வரவில்லையென்றால் அந்த வரிசைக்குத் திருப்தி என்று அர்த்தம், பரிமாறுகிறவர் அங்கே போய்த் தொந்தரவு செய்யக்கூடாது.

அந்தக் குடும்பமோ, சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டுக் கேட்பதற்குக் கூச்சப்படுகிற குடும்பம். போட்டால் சாப்பிடுவார்கள், போடாவிட்டால் சிரிப்பார்கள். முதலில் வைத்த ஒரு கைச் சோற்றோடு மூன்று வரிசையும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கின்றன. பாயசம் அந்தப் பக்கமே போகவில்லை. மாப்பிள்ளையின் அம்மா இலையை மடித்து, "தெரிமா காசே" என்று நன்றி சொல்லிவிட்டுப் பசியோடு எழுந்து போனார். மணப்பெண் கதவிடுக்கில் நின்று அதைப் பார்த்தாள்.

"தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுண்ணே" என்று கேட்டிருக்கிறாள்.

"ஏற்பாட்டுல தப்பு இல்ல. ஆயிரம் பேர் வந்திருந்தா அருமையா ஓடியிருக்கும். எண்பது பேருதானே வந்தாங்க."

அவள் புகுந்த வீடான நாற்பதாம் வீட்டுக்குப் போன மறுநாள், லோங்காங்கின் குறுக்கே கிடந்த நடைபலகையை எடுக்கச் சொல்லிவிட்டாள். இவர் தன் பின்பக்க ஜன்னலுக்கு ஆணி அடித்தார். நாலு வருஷத்தில் அவள் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அன்றைக்கும் இவர் தெருவழியாகப் போய் முப்பத்தொன்பதாம் வீட்டு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாராம். அவள் தனியாக இருந்து, குவே பலகாரம் செய்து விற்றுக்கொண்டிருந்தாள்.

நான் வந்த வருஷத்து மழையில் அவள் வீட்டுப் படிக்கட்டின் கீழ்ப்படிகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. செட்டி வீடு, மரக்கால் மேல் ஆளுயரத்துக்கு நிற்கும். இருட்டில் கால் வைத்து விழுந்து, வலது கால் முறிந்து, ஒரு பகல் முழுக்க வீட்டுக்கடியில் கிடந்திருக்கிறாள். முப்பத்தொன்பதாம் வீட்டார் பார்த்துத் தூக்கினார்கள். கிராணிக்குச் சேதி தெரிந்தது ஒரு வாரம் கழித்து, ஆபீசில். கிளேபாங்கிலிருந்து வேலைக்கு வரும் பியூன் சொல்லியிருக்கிறான். காஜா பேராங்கில் முப்பதடி தூரத்தில் விழுந்தவள் சேதி, கிளேபாங் வரைக்கும் போய் ஊரைச் சுற்றி வந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் என் வீட்டு வேலியோரம் வந்து நின்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது. "சேதி வர்ற வழி சரியில்லம்மா" என்றார்.

"ஜன்னல்ல அடிச்ச ஆணியைப் பிடுங்குங்கண்ணே. எல்லாம் தெரியும்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஜன்னல் ஒரு வீட்டுக்குத்தான்மா உதவும். ஆயிரம் வீட்டுக்கு ஜன்னல் வெட்ட முடியுமா?"

இப்படித்தான் எங்கள் தெருவின் துணிக்கொடிகள் அரசாங்கச் சேவைக்குப் போயின.

ஏற்பாடு இதுதான். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் லோங்காங்கில் ஒரு கம்பு நட்டு, அதில் ஒரு காலிப் பால் டின் கட்டப்படும், அந்த வீட்டுத் தரைக்கு ஒரு முழம் கீழே. காலை ஏழு மணிக்கு டின்னைப் பார்க்கவேண்டும், மழை நாளில் மணிக்கொரு தரம். தண்ணீர் டின்னைத் தொடவில்லையென்றால் கொடியில் வெள்ளைத் துணி. தொட்டால் மஞ்சள். டின் முழுகினால் சிவப்பு. பிறகு அடுத்த எண் வீட்டுக் கொடியைப் பார்க்கவேண்டும். அங்கே தன்னுடையதைவிட மோசமான நிறம் தொங்கினால், அதே நிறத்தைத் தானும் மாட்டவேண்டும். அவ்வளவுதான். நாற்பதாம் வீட்டில் தொங்குவது முப்பத்தொன்பதுக்கு வரும், அங்கிருந்து முப்பத்தெட்டுக்கு, கடைசியில் என் கொடிக்கு. என் கொடியை அவர் தன் வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். கம்பி வேண்டாம், தந்தி வேண்டாம், ஒருவரும் வாயைத் திறக்கவேண்டாம். நாளைக்கே தெருவில் இன்னும் ஐம்பது வீடு கட்டினாலும் ஒரு எழுத்து மாற்றவேண்டியதில்லை, ஐம்பது டின் போதும்.

டைப் அடித்த தாளில் கடைசியாக ஒன்று இருந்தது. அடுத்த வீட்டுக் கொடி வெறுமையாக இருந்தால், சும்மா இருக்கிறார்கள் என்று நினைக்கக்கூடாது, உடனே போய்ப் பார்க்கவேண்டும். அந்த ஒரு வீடு வரைக்கும்தான் போகலாம், அதைத் தாண்டிப் போகக்கூடாது.

டின்னும் தாளும் கைமாறிக் கைமாறி நாற்பதாம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த அக்கா தாளை இரண்டு தடவை படித்தாளாம். கடைசி வரியில் வைத்த விரலை எடுக்கவில்லையாம். "டின்னை மாட்டு" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். யார் எழுதியது என்று கேட்கவில்லை.

முதல் வாரத்திலேயே நான் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டேன். "ஏண்ணே, என் கொடிக்கு மஞ்சள் வந்தா எங்கயோ தண்ணி ஏறுதுன்னு தெரியும். எந்த வீடுன்னு எப்படித் தெரியும்?"

"அது எனக்குத் தெரியவேண்டியதில்லம்மா. எல்லா வீட்டையும் ஒரு ஆள் தெரிஞ்சு வச்சுக்க ஆரம்பிச்சா ஆயிரத்துக்குத் தாங்காது."

"அப்ப அந்த அக்கா வீடா இருந்தாலும் தெரியாதா?"

பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், வைத்தார். மறுநாள் ஒரு புதுத் தாள் வந்தது. சேதி நாற்பதாம் வீட்டிலிருந்து புறப்பட்டால் மட்டும் துணியின் நுனியில் ஒரு முடிச்சுப் போடவேண்டும், பார்க்கிறவர்களும் அதே முடிச்சோடு மாட்டவேண்டும். "இது எதுக்குண்ணே?" என்றேன். "சோதனைக்கு" என்றார். ஆயிரம் வீட்டு ஏற்பாட்டில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரு விதி. தெருவில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, எனக்கு அதுதான் இன்னும் ஆச்சரியம்.

சிவப்புத் துணி நாற்பது துண்டு வாங்க ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் ஒரு கடைக்குப் போயிருக்கிறார். அது அவசரகாலம். காட்டில் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் சோதனைச்சாவடி. ஒரு ஆள் நாற்பது சிவப்புத் துணி வாங்கினால் கடைக்காரர் என்ன செய்வார்? மறுநாள் ஒரு போலீஸ் சார்ஜனும், மாத்தா என்று நாங்கள் சொல்லும் போலீஸ்காரர் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். யாருக்குச் சமிக்ஞை கொடுக்கிறாய் என்று கேட்டார் சார்ஜன். கிராணிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவர் ஏற்பாட்டைப் பற்றித் தானாக வந்து கேட்ட முதல் மனிதர் அவர்தான். நாற்காலி போட்டு உட்காரவைத்து, நாற்பது வீட்டில் ஆரம்பித்து, மலாக்கா முழுக்க, பிறகு மலாயா முழுக்க எப்படி டின் கட்டலாம் என்று விளக்கினார். இரண்டு மணி நேரம் போனது. சார்ஜன் எழுந்து தொப்பியைத் தேடினார். "சிவப்பு வேண்டாம். வேறு எது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதற்கப்புறம் எங்கள் தெருப்பக்கம் ரோந்துகூட வரவில்லை. சிவப்புக்குப் பதில் பச்சை வந்தது.

மஞ்சளால் வந்த வினைக்கு நானும் உடந்தை. என் வீட்டுக்காரர் லாரி லைசென்ஸ் சோதனையில் மூன்றாம் தடவையும் விழுந்திருந்தார். மாரியம்மன் கோயில் திருவிழாவன்று, வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து, நுனியில் ஒரு காசை முடிந்து, அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, உலரட்டும் என்று கொடியில் போட்டேன். விதி, ஏற்பாடு எதுவும் என் நினைவில் இல்லை. லைசென்ஸ்தான் இருந்தது.

மஞ்சள் துணி, நுனியில் முடிச்சு. அவர் நாற்காலியிலிருந்து எழுந்ததை நான் பார்த்தேன். அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். செருப்பில்லை, சிலுவார்க் கால் ஒன்று மடிப்பு அவிழ்ந்து தரையில் இழுபட்டது. "அண்ணே, அது நேர்த்திக்கடன்!" என்று கத்தினேன், காதில் விழவில்லை. தெருவெல்லாம் கொடிக்குக் கொடி மஞ்சள், திருவிழா நாளாயிற்றே. அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் வேகமாக ஓடியிருக்கிறார். முப்பத்தொன்பதாம் வீட்டு வாசலில் போய், சுவரில் முட்டினவர் மாதிரி நின்றுவிட்டாராம். மூச்சு வாங்க, "பக்கத்துல கொஞ்சம் எட்டிப் பாருங்க" என்றிருக்கிறார்.

"அது குளிச்சுட்டு கோயிலுக்குப் போயிருக்குங்க கிராணி."

"நல்லா நடக்குதா?"

"கம்பு ஊனி நடக்குது. நீங்களே கோயில்ல போய்ப் பாருங்களேன்."

அவர் திரும்பி நடந்து வந்தார். என் வேலியைக் கடக்கும்போது நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். 'திருவிழா நாளில் மஞ்சள் செல்லாது.' எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது, அழுகையும் வந்தது.

பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரச் சேதி சொன்ன நாளிலும் சரி, பிறகு சுதந்திரமே வந்த நாளிலும் சரி, ஊரே கொண்டாடியது. எங்கள் தெருவில் சுதந்திரத்தன்று நாற்பது கொடியிலும் புதுத் தேசியக்கொடி தொங்கியது. கிராணி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "ஒரே துணியில வெள்ளையும் இருக்கு, மஞ்சளும் இருக்கு. நான் என்னம்மா அர்த்தம் எடுத்துக்கிறது?"

"நாடு நம்மளுதுன்னு எடுத்துக்குங்கண்ணே."

"அது சரி. தண்ணி எவ்வளவு இருக்கு?"

அதற்கப்புறம் வந்த பெருமழையில்தான் நான் சொல்லவந்தது நடந்தது.

இரண்டு நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் காலையில் கிராணி விடிந்ததும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பசியாறக்கூட எழுந்திருக்கவில்லை. எட்டரைக்கு என் கொடிக்குப் பச்சை வந்தது, பள்ளத்தில் இருக்கும் பதினேழாம் வீட்டில் டின் முழுகிவிட்டது. முடிச்சு இல்லை. "முடிச்சு இல்லையேம்மா?" என்று கத்தினார். "இல்லண்ணே!" என்று நானும் கத்தினேன். அரை மணிக்கொரு தரம் இதே கேள்வி, இதே பதில். மழையில் முகம் நனைய, ஒரு மனிதர் என் பச்சைச் சாரோங்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். விதி எல்லாருக்கும் என்பதால் கிராணியும் தினமும் ஏழு மணிக்குத் தன் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியைப் போடுவார். எங்களுக்கெல்லாம் கொடி வீட்டுப் பக்கவாட்டில், அவருக்கு மட்டும் பின்னால், லோங்காங்கைப் பார்த்தபடி. முதல் வீட்டைப் பார்க்கவேண்டியவர் ஏற்பாட்டில் யாருமே இல்லை. ஆனாலும் போடுவார், தலையைக் குனிந்துகொண்டே போய்ப் போட்டுவிட்டு, குனிந்துகொண்டே உள்ளே வருவார். நாற்பதாம் வீட்டுக்கு நேராகத் தாளில், 'பார்க்கவேண்டிய வீடு: இல்லை' என்று இருந்தது. இன்னொன்று, மற்ற முப்பத்தொன்பது வீட்டுத் தரையையும் அளந்து டின் கட்டியவர், தன் வீட்டுக்கு டின் கட்டவில்லை. சேதி வந்து சேரும் இடத்துக்கு எதற்கு டின்?

அன்று முடிச்சையே நினைத்துக்கொண்டிருந்ததில் வேட்டி போட மறந்துவிட்டார்.

பத்து மணி இருக்கும். மூன்றாம் வீட்டம்மா என் வேலிப்பக்கம் நின்று கூப்பிட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தலையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, கம்பை ஊன்றியபடி நாற்பதாம் வீட்டு அக்கா. முழங்கால் வரை சேறு.

"பிடிச்சுக்கம்மா. நாலாம் வீட்டுல என்கிட்ட விட்டாங்க. இனி உன் பாடு" என்று அவள் கையை என் கையில் வைத்துவிட்டு மூன்றாம் வீட்டம்மா திரும்பிப் போய்விட்டார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. முப்பத்தொன்பதாம் வீட்டுக்காரர் அவளை முப்பத்தெட்டில் விட்டிருக்கிறார், அவர்கள் முப்பத்தேழில். கொட்டுகிற மழையில், ஊனக்காலோடு வந்தவளை லாடம் முழுக்க அடுத்த வீடு வரைக்கும் மட்டுமே கூட்டிவந்து கைமாற்றியிருக்கிறார்கள். ஒருவர்கூட ஒரு வீடு தாண்டி வரவில்லை. தாளில் அப்படித்தானே எழுதியிருந்தது!

"எங்க அண்ணன் கொடி காலியா இருக்கு" என்றாள். "ஏழு மணியிலேர்ந்து பார்க்கிறேன். எட்டு வரைக்கும் பார்த்தேன், இல்ல. இத்தனை வருஷத்துல ஒரு நாள் தவறினதில்ல. போயிட்டாராம்மா?"

அவரையே காட்டிவிடலாம் என்று அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

அவர் நாற்காலியிலேயே இருந்தார், கண் என் கொடியில். வீட்டுக்குள்ளே தண்ணீர். ஆணி அடித்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் லோங்காங் பொங்கி, பின்கதவுக்கடியில் புகுந்து, சமையல்கட்டை நிறைத்து, கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. அவள் வீடு மரக்காலில் நிற்கிறது, இவருடையதுதான் தரையோடு தரையாகச் சிமெண்டு போட்ட வீடு. பச்சை மாட்டியிருக்கவேண்டிய வீடு இதுதான்.

"அண்ணே" என்றாள்.

திரும்பினார். முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் அவள் சாரோங்கின் நுனியைப் பார்த்தார். "முடிச்சு வரலையே" என்றார். "உனக்கு ஒண்ணும் ஆகலல்ல? பின்ன எதுக்கு வந்தே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. உன் வேட்டி எங்கே?"

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு முகம் மாறியது. "மறந்துட்டேன்."

"கொடி காலியா இருந்தா சும்மா இருக்காங்கன்னு நினைக்காதே, போய்ப் பாருன்னு எழுதினது யாரு?"

"உனக்குப் பார்க்கிறதுக்கு வீடே இல்லையே. நாற்பதோட முடிஞ்சுபோச்சே."

"நாற்பதுக்கு அடுத்தது ஒண்ணு. வளைஞ்ச தெருவுல வேற என்ன வரும்? ஆயிரம் வீட்டுக்குக் கணக்குப் போட்டவருக்கு இது தெரியலையா? டின் கட்டின நாள்லேர்ந்து தினம் அதைப் பார்த்துட்டுத்தான் நான் பசியாறுறேன்."

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு சட்டி மிதந்து வந்து அவர் நாற்காலிக் காலில் இடித்தது. அதைக் குனிந்து பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். ஆணி அடித்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். கடைசியாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"தப்புதான்" என்றார். "என் தப்புதான்மா."

வேட்டியைச் சொன்னாரா, டின்னையா, பந்தியையா, எனக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லை. வாசற்படியில் மழையிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். அவர் சட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். விதிப்படி ஆளை ஒப்படைத்ததும் நான் திரும்பியிருக்கவேண்டும். திரும்பவில்லை. நானும் உட்கார்ந்து அழுதேன்.

தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் அவர் வீட்டில் ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது. மறுநாள் லோங்காங்கின் குறுக்கே ஒரு புதுப் பலகை கிடந்தது. டின்கள் அந்தந்த இடத்திலேயே துருப்பிடித்தன. எங்கள் துணிகளை இஷ்டம்போல உலர்த்தும் உரிமை எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராணி என் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். கையில் நோட்டு, காதில் பென்சில். ஏதோ கேட்கவந்து தயங்கினார். அந்த மனிதர் தயங்கி நான் பார்த்ததில்லை.

"ஏம்மா, பாயசத்துக்கு சவ்வரிசி எவ்வளவு போடணும்?"

"எத்தனை பேருக்குண்ணே? ஆயிரம் பேருக்கா?" வாயை அடக்கமுடியவில்லை எனக்கு.

"ஆயிரத்துக்குத் தெரியும்மா. பல வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வச்சிருக்கேன்" என்றார். பென்சிலை எடுத்தார். "ஒரு ஆளுக்கு எவ்வளவுன்னுதான் தெரியல."

ஒரு கைப்பிடி எடுத்து அவர் உள்ளங்கையில் போட்டேன். அதை அப்படியே மூடிப் பிடித்துக்கொண்டு போனார். நோட்டில் எழுத மறந்துவிட்டார்.